புதன்கிழமைக் கவர்

மகனோடு வேலை பார்ப்பவன் மாடிப்படியில் சறுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டது வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவனுடைய இருக்கையில் அம்மா உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இருந்த இரண்டு நாளில் இது எப்படி நடந்தது என்று மகனுக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை.

விளங்கிய வரைக்கும் இவ்வளவுதான். அவன் ஒரு வரைபட நிறுவனத்தில் கார் ஓட்டுகிறான். கைப்பேசியில் ஒரு தெருவைத் தேடினால் வீடு வாசலோடு படம் வருகிறதல்லவா, அந்தப் படம் எடுக்கும் கார். கூரைமேல் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் பூசணிக்காய் அளவில் ஒரு கேமரா. ஓட்டுகிறவன் சாலையைப் பார்ப்பான். பக்கத்தில் இருப்பவர் மடியில் உள்ள திரையைப் பார்த்து, தெருப்பெயர்ப் பலகை வரும்போதெல்லாம் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மேலதிகாரி போனில், "எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டுப் போப்பா, மூணு நாள்தானே" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அங்கேதான் அவன் கோட்டை விட்டான். அடுப்படியிலிருந்து அம்மா, "முப்பத்தொரு வருஷம் வாசிச்சிருக்கேன் சார்!" என்று குரல் கொடுத்துவிட்டாள்.

அது பொய்யில்லை. தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றவள். சுற்றியுள்ள நாற்பது ஊர்களின் தபாலெல்லாம் அவள் மேசைக்கு வந்துதான் போக வேண்டும். எந்தத் தெரு எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை எண்ணோடு முடிகிறது, எந்த வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அந்த நாற்பது ஊர்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால் முதல் நாள் முழுக்க ஒரே கூத்து.

"டேய், மணிக்கூண்டுத் தெரு! இருபத்திரண்டாம் நம்பர் எங்கே? அந்த வீட்டுக்கு மாசாமாசம் பிஞ்சு போன பார்சல் வரும். அதோ, பச்சைக் கேட்! இவ்வளவு சின்ன வீடா?"

"அம்மா, பலகை போயிடுச்சு. பொத்தான்."

"அழுத்திட்டேன், அழுத்திட்டேன்."

அழுத்தியிருக்கமாட்டாள். அவன் பின்னால் போய் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

போதாததற்கு, ஆட்களைப் பார்த்தால் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அந்தக் கை படத்தில் விழும் என்று சொன்னதற்கு, "விழுந்தா விழட்டும், கை நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஒரு திருப்பத்தில் முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரிக்கோலோடு ஓடி வந்து காரை மறித்தார். தன் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது படம் எடுத்துவிட்டார்களாம். முழுக்கத் தூக்கிவிடுகிறேன், இன்னொரு தடவை வாருங்கள் என்று கெஞ்சினார். அவர் கடை நாற்காலியில் பாதித் தலை வெட்டுப்பட்ட ஒரு மனிதர் துண்டோடு காத்திருந்தார். "கடை பேரை எழுதிக்கிறேன்" என்று அம்மா தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். சாயங்காலத்துக்குள் அவளிடம் இப்படி ஒன்பது பேருடைய விண்ணப்பம் சேர்ந்துவிட்டது.

மகனுக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருடமாக இதே வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வாசல்களைக் கடக்கிறவன். எந்த வாசலிலும் இறங்கியதில்லை. முப்பது கிலோமீட்டர் வேகம், நிற்கக் கூடாது, வெயில் சாய்வதற்குள் முடிக்க வேண்டும். இந்த மூன்று விதிகளுக்குள் அவன் வாழ்க்கை நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த நீளச் சாலையில், அம்மா அவித்த முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு மத்தியானம் ஐஸ் ஃபாக்டரி சந்து வருதில்ல?"

அவன் திரையில் பார்த்தான். வருகிறது. "உனக்கெப்படித் தெரியும்?"

"உன் லிஸ்ட்டைச் சனிக்கிழமையே பார்த்துட்டேன். அதுக்குத்தானே வந்தேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என் கூட வரணும்னு வரலையா?"

"அதுவும்தான்" என்று முட்டையில் பாதியை அவன் வாயில் திணித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

ஐஸ் ஃபாக்டரி சந்து, ஏழாம் எண். அந்த விலாசத்துக்கு வாரம் தவறாமல், புதன்கிழமை தோறும், ஒரு வெள்ளைக் கவர் அவள் மேசைக்கு வரும். அனுப்புநர் பெயரைப் பார்த்தால் அதே பெயர். விலாசத்தைப் பார்த்தால் அதே விலாசம். ஓர் ஆள் தன் ஊர்த் தபால்பெட்டியில் ஒரு கவரைப் போட்டு, அது எழுபது கிலோமீட்டர் பயணம் செய்து அம்மாவின் கைக்கு வந்து, திரும்ப எழுபது கிலோமீட்டர் போய் அதே ஆளின் கையில் சேருகிறது. ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை. பத்தொன்பது வருடம்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? அடுத்தவங்க தபாலைப் பிரிச்சுப் பார்க்கிறவளா நான்?" குரலில் உண்மையாகவே கோபம் இருந்தது. "தொட்டா ஒரு தாள் இருக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்பதற்கு அம்மாவிடம் பத்தொன்பது வருடக் கணிப்புகள் இருந்தன. முதலில், பேச்சுத் துணை இல்லாத ஒரு கிழவர் என்று நினைத்தாளாம். அப்புறம், மறதிக்காரர், செய்ய வேண்டியதை எழுதித் தனக்கே அனுப்பிக்கொள்கிறார். நடுவில் கொஞ்ச காலம், ஏதோ கண்டுபிடித்துவிட்டுத் தேதிக்குச் சாட்சியாகத் தபால் முத்திரை வாங்கும் விஞ்ஞானி.

"தபால்தலை சேர்க்கிறவரா இருக்கும்" என்றான் மகன்.

"எல்லாம் ஒரே தலைடா. அதைச் சேர்த்து என்ன பண்ணுவார்?"

"தபால்காரரைப் பிடிச்சிருக்கும். வாரம் ஒரு தடவையாவது வீட்டுக்கு வரட்டும்னு."

அம்மா முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "இது எனக்குத் தோணவே இல்லையே" என்று அவனை மரியாதையோடு பார்த்தாள்.

அவன் சட்டென்று சுதாரித்துக்கொண்டான். "அம்மா, நிக்க மாட்டேன். அந்தச் சந்து வழியாப் போவேன். நீ பார்த்துக்கோ. அவ்வளவுதான்."

"நான் நிக்கவா சொன்னேன்?"

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தச் சந்துக்குள் கார் நுழைந்தது. ஒரு பக்கம் ஐஸ் ஃபாக்டரியின் ஈரச் சுவர். இன்னொரு பக்கம் வரிசையாக வாசல்கள். மூன்று, ஐந்து என்று அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாம் எண்ணுக்கு முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ குறுக்கே நின்றது. இரண்டு பேர் உள்ளேயிருந்து அட்டைப்பெட்டிகளைத் தூக்கிவந்து அதில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடமாவது ஆகும். மகன் பெருமூச்சு விட்டு இன்ஜினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினான். இருக்கையில் பெல்ட் மட்டும் கிடந்தது.

அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா ஒரு நீளமான கூடத்தின் நடுவில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் வெட்டும் இயந்திரம் ஒரு மூலையில் தடதடத்தது. மேசைகளில் கவர்கள். மருந்துக்கடைக் கவர், விதைக் கவர், எக்ஸ்ரே போடும் பெரிய கவர், சாதாரணத் தபால் கவர். எல்லாம் கட்டுக்கட்டாக. கூடம் முழுக்க ஒரு மாவு வாசனை.

"என்ன வேணும்?" நெற்றிக்கு மேல் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்த ஒரு பருத்த அம்மாள் எதிரே வந்தாள். அறுபது வயது இருக்கும். அவள்தான் முதலாளி.

அம்மா அந்தப் பெயரைச் சொல்லி, "அவரைப் பார்க்கணும்" என்றாள்.

"அவர் இல்லை, நான்தான்."

பத்தொன்பது வருடமாக ஆண்பிள்ளையாக இருந்த ஒருவர் ஒரே நொடியில் பெண்பிள்ளை ஆனதில் அம்மா தடுமாறிப்போனாள். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, தான் யார், எங்கே வேலை பார்த்தவள், எதற்காக வந்திருக்கிறாள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "தப்பா நினைக்காதீங்க. தெரிஞ்சுக்காம செத்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

முதலாளியம்மாள் சிரித்தாள். "அட, இதுக்கா? சோதனைங்க, பசைச் சோதனை! நாங்க போடுற பசை தாங்குதான்னு எப்படித் தெரியும்? இங்கேயே மேசையில வச்சுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் ஒட்டும். பையில கிடக்கணும், மழையில நனையணும், பத்துக் கை மாறணும். அதான் வாரம் ஒரு கவரை எனக்கே போட்டுப் பார்ப்பேன்."

மகனுக்கு 'இவ்வளவுதானா' என்று இருந்தது. அதேசமயம், இப்படி ஒன்று தனக்குத் தோன்றவே இல்லையே என்றும் இருந்தது. அம்மா என்ன சொல்கிறாள் என்று அவள் பக்கம் திரும்பினான். அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருந்தது.

"தாங்குச்சா?" என்று கேட்டாள், ரொம்பச் சின்னக் குரலில்.

"பத்தொன்பது வருஷம் ஒண்ணுகூடத் திறக்கலை! மழையோ வெயிலோ, கல்லு மாதிரி வரும். கடைக்காரங்க, மழைக்காலத்துல உங்க கவர் வாயைப் பிளக்குதுன்னு சண்டைக்கு வருவாங்க. நான் இதைக் காட்டித்தான் வாயை அடைப்பேன்." முதலாளியம்மாளின் குரல் இறங்கியது. "ரெண்டு வருஷமாத்தான் கெட்டுப்போச்சு. மழைக்காலம் வந்தா மூணுல ஒண்ணு திறந்துட்டு வருது. பசை காய்ச்சுறது என் தம்பி. அவன்தான் எதையோ குறைக்கிறான்னு நான் சொல்ல, இல்லவே இல்லைன்னு அவன் சொல்ல… சாப்பிடுறோம், பேசுறோம், எல்லாம் உண்டு. பசையைப் பத்தி மட்டும் ரெண்டு வருஷமாப் பேச்சே கிடையாது."

பசை விற்றுப் பிழைக்கிற வீட்டில் பசையைப் பற்றிப் பேச்சில்லை. மகனுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டான்.

"ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்றாள் அம்மா. உட்கார்ந்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "நான்தான் ஒட்டினேன்."

"என்னது?"

"மழை நாள்ல உங்க கவர் திறந்துட்டுத்தான் வரும். ஐயோ பாவம், யாரோ தனக்குத்தானே எழுதிக்கிறாங்க, இதையும் ஊரே படிக்கணுமான்னு நான் ஒட்டி அனுப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும். நான் ரிட்டயர் ஆனது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மழை தொடங்குறதுக்கு ஒரு மாசம் முந்தி."

தாள் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

முதலாளியம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று ஓர் இரும்பு அலமாரிக்குப் போய், வருடவாரியாக ரப்பர் பட்டை போட்ட கட்டுகளை வாரிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். எல்லாம் வெள்ளைக் கவர்கள். மூடியைத் தொடாமல் ஓரத்தைக் கிழித்துத்தான் பார்த்திருந்தாள். ஒரு கவரிலிருந்து உள்ளே இருந்த தாளை உருவி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் அச்சடித்திருந்தது:

'இந்தக் கவர் வழியில் தானாகத் திறந்துகொண்டால், தயவுசெய்து ஒட்ட வேண்டாம். அப்படியே அனுப்பவும். பசைச் சோதனை நடக்கிறது.'

"ஒரே ஒரு தடவை உள்ள பார்த்திருக்கக் கூடாதா?" முதலாளியம்மாளின் குரல் உயர்ந்தது. "பத்தொன்பது வருஷம்! எத்தனை கடைக்காரங்ககிட்ட நான் மல்லுக்கு நின்னிருக்கேன் தெரியுமா?"

"அடுத்தவங்க தபாலை நான் பார்க்க மாட்டேங்க" என்றாள் அம்மா. கண் கலங்கிவிட்டது. "கண்ணை மூடிட்டுத்தான் ஒட்டுவேன்."

"இதை வெளியிலயே எழுதியிருக்கலாமே" என்று மகன் குறுக்கே புகுந்தான். அவனையும் அறியாமல் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தான். "வெளியில எழுதியிருந்தா எங்கம்மா படிச்சிருப்பாங்கல்ல?"

"வெளியில எழுதினா எல்லாரும் பார்த்துப் பார்த்துப் பக்குவமாத் தூக்கிட்டுப் போவாங்க. அப்புறம் அது என்ன சோதனை?"

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதும் சரிதான். அம்மா செய்ததும் சரிதான். இரண்டு சரியும் சேர்ந்து எப்படி இவ்வளவு பெரிய தப்பாயிற்று என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் பின்கட்டு வாசலில் ஓர் ஒல்லியான மனிதர் நிற்பதை எல்லோரும் கவனித்தார்கள். முழங்கை வரை மாவு. கையில் நீளமான மரத் துடுப்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

முதலாளியம்மாள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேசையில் இருந்த கட்டுகளைத் தேவையில்லாமல் நேராக்கினாள். பிறகு அம்மாவிடம், "அவன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"எல்லாம் கேட்டுச்சுக்கா" என்றார் தம்பி.

"கேட்டுச்சுன்னா சரி." ஒரு கட்டின் ரப்பர் பட்டையைச் சரிசெய்தாள். "நீ ஒண்ணும் குறைக்கலை."

"குறைக்கலை."

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் மேசைமேல் இருந்தது. கையைத் துணியில் துடைத்துவிட்டு வந்து, ஒரு பழைய கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு கவரின் மூடியையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து பார்த்ததும் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். நகத்தால் மூடியைக் கிளப்பிப் பார்த்தார். தாள்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை.

"இது நீங்க ஒட்டினதுதானே?"

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆமா. ஓரத்துல விரல் இழுத்த கோடு இருக்கே. என் கைதான்."

"என்ன பசை இது?"

"ஆபீஸ்ல குடுக்குற பசை தண்ணி மாதிரி இருக்கும். நான் வீட்டுலயே காய்ச்சி ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போவேன். மைதாதான். கொதிக்கிறப்ப ஒரு சிட்டிகை படிகாரம் போடுவேன்."

தம்பி மெதுவாக நிமிர்ந்தார். அக்காவைத் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மாள் ஏற்கனவே கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"படிகாரம் போடணும்னு இவன் தலைதலையா அடிச்சுக்கிட்டான்" என்று விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள். "தொழில் தொடங்குன முதல் வருஷத்துலேர்ந்து. நான்தான், சும்மாவே கல்லு மாதிரி நிக்குது, எதுக்குடா படிகாரம்னு… கல்லு மாதிரி நின்னது உங்க படிகாரமா?"

முதலில் சிரித்தது யார் என்று மகனால் பிறகு நினைவுபடுத்த முடியவில்லை. இயந்திரத்துக்காரராக இருக்கலாம். அவர் தாங்கமாட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தம்பியின் தோள்கள் குலுங்கின. முதலாளியம்மாள் முகத்திலிருந்து கையை எடுத்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. அம்மா மட்டும் இன்னும் பயத்தோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு மாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார் தம்பி.

"கண்ணளவுதாங்க."

"கண்ணளவெல்லாம் ஆகாது. வாங்க, வந்து போட்டுக் காட்டுங்க."

அம்மா மகனைப் பார்த்தாள். மகன் வாசலைப் பார்த்தான். சரக்கு ஆட்டோ எப்போதோ போய்விட்டிருந்தது. வெயில் சாய இன்னும் இரண்டு மணி நேரம். ஓட வேண்டிய தெருக்கள் பதினான்கு. சட்டைப்பையில் போன் நடுங்கியது. கார் இருபத்தைந்து நிமிடமாக ஒரே இடத்தில் நிற்பது மேலதிகாரியின் திரையில் தெரிந்திருக்கும்.

"என்னப்பா, வண்டி நகரவே இல்லையே?"

"சந்துல அடைப்பு சார்" என்றான் மகன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சூடானது. "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் போல."

பின்கட்டில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு துடுப்பை வாங்கிக்கொண்டாள். அவள் அள்ளிப் போடும் ஒவ்வொரு சிட்டிகையையும் தம்பி இடைமறித்து, மருந்துத் தராசு ஒன்றில் நிறுத்து, சுவரில் கரியால் எழுதிக்கொண்டார். படிகாரத்தை முதலில் போட்டால் என்ன ஆகும், கடைசியில் போட்டால் என்ன ஆகும் என்று மகன் கேட்டான். தம்பி நின்று நிதானமாகப் பதில் சொன்னார். அதிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. முதலாளியம்மாள் டீயும் பன்னும் வரவழைத்தாள். ஒரு கட்டத்தில் அக்காவும் தம்பியும், மாவு எந்தக் கடையில் வாங்குவது என்று உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்க நன்றாக இருந்தது.

கிளம்பும்போது முதலாளியம்மாள் கார் வரைக்கும் வந்தாள். "கோபமா பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. வேற யாராவது அந்த மேசையில இருந்திருந்தா பாதிக் கவர் எனக்கு வந்தே சேர்ந்திருக்காது." கம்பத்தின் உச்சியில் இருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தாள். "இது இப்ப எங்களையும் எடுத்துடுமா?"

"எடுக்கும். முகத்தை மட்டும் கம்ப்யூட்டரே மங்கலாக்கிடும்" என்றான் மகன்.

"அப்படின்னா என் தம்பியையும் கூப்பிடுறேன், இரு."

அந்த ஊரில் பாக்கியிருந்த பதினான்கு தெருக்களில் அன்று முடிந்தது ஐந்து. மீதியை மறுநாள் காலை முடித்துவிட்டு, மூன்றாவது ஊருக்கு அரக்கப்பரக்க ஓடினார்கள். மேலதிகாரி அரை மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, அடைப்பு எப்படி, என்ன அடைப்பு என்று குடைந்துகொண்டிருந்தார். ஆனால் அம்மா அன்று ஒரு பலகையைக்கூட விடவில்லை. கையையும் வெளியே நீட்டவில்லை. அவ்வளவு சமர்த்தாக அவள் இருப்பது மகனுக்கு என்னவோ போல இருந்தது.

"நேத்து நடந்ததை நினைச்சுட்டு இருக்கியாம்மா?"

"இல்லடா. இந்த ஊர்ல ஒரு வக்கீல் இருக்கார். ரயில்வே கேட் தெரு, பதினொண்ணு. அவருக்கு வருஷத்துல ஒரு நாள் மட்டும் முப்பது பார்சல் வரும். முப்பதும் ஒரே அளவு, முப்பதும் வேற வேற ஊர்லேர்ந்து. ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா நீ நிக்க வேண்டாம். நேரமாச்சு."

"நிக்கப் போறதில்லை" என்றான் மகன்.

ஒரு தெரு முடிந்தது. அடுத்த தெருவும் முடிந்தது. ரயில்வே கேட் இடது பக்கம் என்று கைகாட்டி சொன்னது. அவனுடைய அட்டவணைப்படி அவன் வலது பக்கம் திரும்ப வேண்டும்.

"கலகலன்னா," என்று வேகத்தைக் குறைத்தபடி கேட்டான், "கண்ணாடி மாதிரியா, இரும்பு மாதிரியா?"